பரலோகத்தைப் பற்றி வேதத்தில் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

பரலோகத்தைப் பற்றிப் படிக்க ஆசை வந்ததும் பெரும்பாலானவர்கள் நேராக வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விடுகிறார்கள். பொன் வீதி, முத்து வாசல்கள், பளிங்கு போன்ற நதி என்று இரண்டு அதிகாரம் படித்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று மூடி வைத்துவிடுகிறார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தைக் கடைசியாகப் படியுங்கள். முதலில் திறக்க வேண்டியது 1 கொரிந்தியர் 15.

மொத்தம் 58 வசனங்கள். இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் படிக்க வேண்டும், ஏனென்றால் அது ஒரே வாதம். கொரிந்து சபையில் சிலர் மரித்தோர் உயிர்த்தெழுவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சபைக்கு இந்தக் கடிதத்தை எழுதிய பவுல் அதற்குப் பதில் சொல்லும்போது பரலோகத்தின் அழகை வர்ணித்து ஆள் சேர்க்கவில்லை. இயேசு உயிர்த்தெழுந்த சம்பவத்தைச் சொல்லி, அதைப் பார்த்தவர்களை வரிசைப்படுத்துகிறார். கேபா (பேதுருதான்), பன்னிரண்டு சீஷர்கள், 500-க்கும் மேற்பட்ட சகோதரர்கள் (அவர்களில் பெரும்பாலானோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று வேறு சொல்கிறார், வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்பது போல), யாக்கோபு, கடைசியில் தான். 17-ஆம் வசனத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்: "கிறிஸ்து எழுந்திராவிட்டால், உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்." இவ்வளவு வெளிப்படையாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பணயம் வைக்கிறார். கிறிஸ்தவ நம்பிக்கை, செத்த பிறகு ஏதோ நல்லது நடக்கும் என்ற பொதுவான ஆறுதல் இல்லை. இயேசுவுக்கு நடந்தது அவரைச் சேர்ந்தவர்களுக்கும் நடக்கும், அவர் "முதற்பலன்", அதாவது அறுவடையில் முதலில் வரும் கதிர் போன்றவர் என்பதுதான் அது.

அப்படியானால் அவருக்கு என்னதான் நடந்தது? அதற்கு லூக்கா 24. கல்லறை காலியாக இருக்கிறது, சீஷர்கள் ஆவியைக் காண்கிறோம் என்று பயப்படுகிறார்கள், அவர் கையையும் காலையும் காட்டி, தொட்டுப் பாருங்கள் என்கிறார், அப்போதும் நம்ப முடியாமல் நிற்கிறவர்களிடம் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, பொரித்த மீனை வாங்கி அவர்கள் முன்னாலேயே சாப்பிடுகிறார். மேகத்தின்மேல் மிதக்கிற ஆத்துமா என்ற படம் மனதில் இருந்தால் இங்கே அது உடைந்துவிடும். நாம் காத்திருப்பது சரீர உயிர்த்தெழுதலுக்கு.

சரி, மரணத்துக்கும் அந்த நாளுக்கும் இடையில்? இங்கே வேதம் கொஞ்சமாகத்தான் பேசுகிறது. இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு "இன்றைக்கு" என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று வாக்கு. பிலிப்பியர் 1:23-இல் பவுலுக்குத் தேகத்தை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருக்க ஆசை. இரண்டிலும் இடத்தைப் பற்றிய விவரத்தைவிட யாரோடு இருக்கிறோம் என்பதே அழுத்தமாக வருகிறது. கத்தோலிக்கர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தை (பரலோகத்துக்கு முன் ஆத்துமா சுத்திகரிக்கப்படும் நிலையை) போதிக்கிறார்கள், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் உயிர்த்தெழும் நாள்வரை மரணத்தை நித்திரையாகவே பார்க்கிறார்கள், மற்றவர்கள் வேறு மாதிரி. உங்கள் சபை என்ன சொல்கிறது என்று மேய்ப்பரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் இதை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். சரீரம் உயிர்த்தெழும் என்பதில் இவர்கள் எல்லோரும் ஒன்றுதான்.

அடுத்து யோவான் சுவிசேஷம். இங்கே அவசரப்படாதீர்கள், ஒரு நாளுக்கு ஒரு பகுதி போதும். 5:24-இல் விசுவாசிக்கிறவனுக்கு நித்தியஜீவன் "உண்டு" என்றும், அவன் மரணத்தை விட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறான் என்றும் வருகிறது, அதாவது இப்போதே. 11-ஆம் அதிகாரத்தில் மார்த்தாள், மரித்துப்போன தன் சகோதரன் லாசரு கடைசி நாளில் எழுந்திருப்பான் என்று சரியான பதிலைத்தான் சொல்கிறாள், இயேசுவோ நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன் என்று தன்னையே அவள் முன் நிறுத்துகிறார். 17:3 இன்னும் நேரடி: மெய்த்தேவனையும் அவர் அனுப்பின இயேசுகிறிஸ்துவையும் "அறிவதே நித்தியஜீவன்". ஆகவே பரலோக நம்பிக்கையை வளர்க்க ஒரே வழி தேவனோடு இன்றைக்குப் பழகுவதுதான். ஜெபிக்கவே மனமில்லாமல், அவரோடு என்றென்றும் இருப்பேன் என்று மட்டும் சந்தோஷப்படுவது ஒட்டாது.

"நான் போவேனா?" என்ற பயம் பலருக்கு உள்ளே இருக்கிறது, வெளியே சொல்ல மாட்டார்கள். செய்த நன்மை தீமைகளைத் தராசில் போட்டுப் பார்க்காதீர்கள், அந்தக் கணக்கு எந்த நாளும் முடியாது. எபேசியர் 2:8-9, 1 யோவான் 5:13 இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள். முதலாவது, இரட்சிப்பு கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு வருகிறது, அது தேவனுடைய ஈவு என்கிறது. இரண்டாவது, நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியும்படி எழுதுகிறேன் என்கிறது. சிலுவையில் தொங்கிய அந்தக் கள்ளனுக்கு நல்லது செய்து காட்ட நேரமே இருக்கவில்லையே.

இப்போது வெளிப்படுத்தல் 21, 22-க்குப் போகலாம். முதலில் திசையைக் கவனியுங்கள்: புதிய எருசலேம் இறங்கி வருகிறது. மனுஷர்கள் மேலே தப்பித்து ஓடுவதாகக் கதை முடியவில்லை, தேவன் அவர்களிடத்தில் வாசம்பண்ண வருகிறார், வானமும் பூமியும் புதிதாகின்றன. அப்புறம் நகரத்தின் அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம், 12,000 ஸ்தாதி (அந்தக் காலத்துத் தூர அளவு). ஏன் இந்த விசித்திரமான வடிவம் என்று கேட்டுவிட்டு 1 இராஜாக்கள் 6:20-ஐப் புரட்டுங்கள். சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலமும் நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 முழம். பிரதான ஆசாரியன் மட்டும், அதுவும் வருஷத்துக்கு ஒரு நாள், இரத்தத்தோடு பயந்து பயந்து நுழைந்த அறையின் வடிவத்தில் இப்போது ஒரு நகரமே நிற்கிறது, ஜனங்கள் அதற்குள்ளே குடியிருக்கிறார்கள். அதில் தேவாலயத்தைக் காணவில்லை என்று யோவான் ஏன் எழுதினார் என்பது இதற்குப் பிறகு தானாகப் புரியும். இந்த அதிகாரத்தில் எனக்குப் பொன் வீதியைவிட இதுதான் பெரிய விஷயம்.

ஒருவரையொருவர் அடையாளம் தெரியுமா? தெரியும் என்றே நினைக்கிறேன். உயிர்த்தெழுந்த இயேசு "மரியாளே" என்று கூப்பிட்டதும் மகதலேனா மரியாள் அவரைத் தெரிந்துகொண்டாளே. கல்யாணம் இல்லை, மாற்கு 12:25. நாம் தேவதூதர்களாக மாறிவிடுவோமா? இல்லை, அந்த வசனம் அவர்களைப்போல என்றுதான் சொல்கிறது. பரலோகம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்கிற வீடியோக்களில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்டதைப் பவுல் 2 கொரிந்தியர் 12-இல் சில வரிகளில் முடித்துவிடுகிறார், அங்கே கேட்டதை வாயால் சொல்லக்கூடாது என்கிறார், அதுவும் பதினாலு வருஷம் கழித்து.

படித்ததை வைத்து என்ன செய்வது? 1 கொரிந்தியர் 15-இன் கடைசி வசனத்துக்குத் திரும்புங்கள். அவ்வளவு பெரிய வாதத்தை முடித்துவிட்டு பவுல் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் வீண்போகாது, அதனால் உறுதியாய் வேலை செய்யுங்கள் என்கிறார். யாரும் கவனிக்காமல் நீங்கள் செய்கிற பணிவிடைக்கும், படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிற களைப்புக்கும் இது பொருந்தும்.

துக்க வீட்டுக்குப் போகும்போது கொஞ்சம் கவனம் தேவை. "அழாதீங்க, அவர் நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கார்" என்று போனவுடன் சொல்லாதீர்கள். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டார். 1 தெசலோனிக்கேயர் 4:13 துக்கப்படக் கூடாது என்று சொல்லவில்லை, நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள் என்கிறது. முதலில் பக்கத்தில் உட்காருங்கள், அவர்கள் பேசட்டும். அவர்களே கேட்டால் 13 முதல் 18 வரை மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். விளக்கவுரை வேண்டாம், ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுக் கிளம்பினால் போதும், ஒரு வாரம் கழித்து மறுபடியும் போய்ப் பாருங்கள்.