பெடலை விட்டாலும் இறங்காத ஜி ஷார்ப்

போன மாதம் பழைய பெடல் ஸ்டீல் கிட்டார் ஒன்றை வாங்கிக் குன்னூருக்குக் கொண்டுவந்தேன். கால்கள் மேல் படுக்கையாக நிற்கும் கிட்டார் அது; பெடலை மிதித்தால் கம்பியின் சுருதி மாறும். பத்துக் கம்பி, ஈ9 என்ற சுருதி அமைப்பு, மூன்று பெடல். கால்களைத் திருகி, பெடல் தண்டுகளை மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தொல்லை அப்புறம்தான்.

நடுப் பெடலை மிதித்தால் 3, 6ஆம் கம்பிகள் ஜி ஷார்ப் ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரமான ஏ-க்கு ஏற வேண்டும். ஏறின. காலை எடுத்தால் ஆறாவது மட்டும் மயிரிழை மேலேயே நின்றது. கம்பியை முறுக்கும் பிரடையைத் திருப்பி இறக்குவேன். மிதித்துவிட்டால் மறுபடி அதே கதை. இந்தக் கூத்தில் மூன்றாவது கம்பி அறுந்தது. 0.011 அங்குலம்தானே, அடிக்கடி போவதும் அதுதான்.

பெட்டியில் கவிழ்த்து வைத்து டார்ச் அடித்தேன். மிதித்தபோது வரும் ஸ்வரத்தைச் சரிசெய்ய வலது ஓரத்தில் நைலான் நட்டு உண்டு; ஆறாவது கம்பிக்கானதை யாரோ ஒரேயடியாக முறுக்கியிருந்தார்கள். பெடலைத் தொடாதபோதே, பெடலோடு சேர்ந்து இழுக்கும் உள் தண்டு இழுத்துப் பிடித்திருந்தது. அது விரலுக்கு லேசாக ஆடும்வரை நட்டைத் தளர்த்தினேன். பாதி சரியானது.

மீதி, காய்ந்துபோன எண்ணெய். கடைவீதித் தையல் மிஷின் மெக்கானிக் அண்ணன் எட்டிப் பார்த்தார். "பசையா பிடிச்சிருக்கு தம்பி. மேல மேல எண்ணெய் விடாதீங்க, முதல்ல கழுவுங்க." லைட்டர் திரவத்தால் கழுவி, மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டோம்.

இப்போது முதலில் பெடலை மிதிக்காமல் பிரடையில் வெறுங்கம்பி, பிறகு மிதித்தபடி நட்டில் ஏ என்று சுருதி சேர்க்கிறேன். நான் இத்தனை நாள் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்.