பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி: பளபளப்பில் மயங்காதீர்கள்

புதுப்பித்த பழைய ஆங்கிலேய வேட்டைத் துப்பாக்கி கைக்கு வந்தால், உள்ளே தோட்டா இல்லையென்று உறுதிசெய்துவிட்டுத் திருகுகளைப் பாருங்கள். தலையிலுள்ள வெட்டுகள் குழலின் நீளவாக்கில் நேராக நிற்க வேண்டும். வெட்டின் ஓரம் சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளி போட்டிருக்கிறார்கள். செதுக்குவேலையின் விளிம்பு மழுங்கியிருந்தால் பஃபிங் சக்கரம் தின்றுவிட்டது என்று பொருள். மரம் இரும்பைவிட மயிரிழை உயர்ந்திருக்கலாம். தாழ்ந்திருந்தால் உப்புத்தாள் அளவுமீறிவிட்டது.

குழலில்தான் உண்மை வெளிப்படும். இந்தக் குழல்களை மெல்லத் துருவேற்றித்தான் கருமையாக்க வேண்டும். அவசரக்காரர்கள் கொதிக்கும் காரக் கரைசலில் முக்குவார்கள்; குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையைப் பிடித்திருக்கும் ஈயப்பற்றை அது அரித்துவிடும். குழலைக் கழற்றித் தொங்கவிட்டு விரல்கணுவால் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது, கரகரத்தால் பட்டை விட்டிருக்கிறது.

உட்புறம் கண்ணாடிபோல் மின்னுகிறதா? அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும். துருக்குழிகளை நீக்கக் கடையும்போது குழலின் சுவர் மெலியும். 12 போர் (bore, குழலின் உள்அளவு வகை) குழலின் பெயரளவு உள்விட்டம் 0.729 அங்குலம். அளவெடுத்து, குழலில் பொறித்த சோதனை முத்திரையோடு (சுட்டுச் சோதித்தபோது இருந்த உள்விட்ட அளவைக் காட்டுவது) ஒப்பிடுங்கள். சுவர் 0.020 அங்குலத்துக்கும் (சுமார் 0.5 மி.மீ.) குறைந்தால் சுவரில் மாட்டத்தான் லாயக்கு.