சம்மர் ஆர்ட் ஒர்க்‌ஷாப்புக்கு பணம் கட்டுறதுக்கு முன்னாடி

ஏப்ரல் வந்துட்டா போதும், பெங்களூர்ல அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் பூரா ஒர்க்‌ஷாப் போஸ்டர்தான். நான் அல்சூர்ல இருக்கேன், இந்த போஸ்டரை நம்பி நிறைய காசு விட்டவ, அதனால சொல்றேன்.

முதல் தப்பு, "யார் வேணா வரலாம், எதுவும் தெரிய வேணாம்"னு போட்டிருந்தா உடனே ஜிபே பண்றது. ஒரு மாஸ்டருக்கு எத்தனை பேரு, நம்ம கையில பிரஷ் எத்தனை மணி நேரம் இருக்கும், இந்த ரெண்டையும் கேளுங்க. நான் போன ஒரு கிளாஸ்ல முப்பது பேரு, மாஸ்டர் ஒருத்தர்தான், அவர் என் டேபிளுக்கு வந்து சேரும்போது சாயங்காலம் நாலு மணி, பாத்துட்டு "குட்"னு சொல்லிட்டு நகர்ந்துட்டார். 1,800 ரூபா குட்.

அடுத்து இந்த ஒரு நாள் தஞ்சாவூர் பெயின்டிங். பலகையில துணி ஒட்டி, சாக் பவுடரும் கோந்தும் குழைச்சுப் பூசி, அது காஞ்சு, படம் வரைஞ்சு, மக் வொர்க்குன்னு அதே மாதிரி பசையில புடைப்பு வெச்சு அதுவும் காஞ்சு, கல்லு பதிச்சு, தங்க ரேக்கு ஒட்டி, அப்புறம்தான் கலர். இதெல்லாம் ஒரு நாள்ல எப்படிங்க ஆகும்? பாதி வேலை முடிஞ்ச பலகையைத்தான் கையில குடுப்பாங்க. அது தெரிஞ்சே போனா தப்பில்ல, ஆனா வீட்டுக்கு வந்து "முழுசா நானே பண்ணேன்"னு மாமியார்கிட்ட சொல்லிடாதீங்க. மைசூர் பெயின்டிங்கும் இதே மாதிரிதானேன்னு கேக்குறாங்க, இல்லங்க, அதுல புடைப்பு ரொம்ப மெல்லிசு, கோட்டு நுணுக்கம்தான் அதுக்கு அழகு.

வாட்டர்கலர்னா 36 கலர் பாக்ஸ் வாங்கிட்டு பேப்பர்ல மிச்சம் பிடிக்கிறோம்ல, அப்படியே தலைகீழா பண்ணணும். பன்னெண்டு கலர் தாராளம், பேப்பர் மட்டும் 300 ஜிஎஸ்எம் கனத்துல வாங்குங்க, மெல்லிசா இருந்தா தண்ணி பட்டதும் அப்பளம் மாதிரி சுருண்டுக்கும், நமக்குத்தான் கை வரலைன்னு நினைச்சு விட்டுடுவோம்.

வெளிய உக்காந்து வரையிற ட்ரிப்புக்கு டைம் பாருங்க. மே மாசம் மதியம் லால்பாக் பாறை மேல உக்காந்தா வாஷ், அதாவது தண்ணியா கலந்த கலர்ப் பூச்சு, போட்டு முடிக்கிறதுக்குள்ள காஞ்சிடும், அக்ரிலிக்கோ பேலட்லயே ஆடை கட்டிடும், அது போதாதுன்னு நாலு மணிக்கு மேல மழை வேற. காலைல ஏழு மணிக்கே போயிடுங்க.

இப்ப கிரியேட்டிவ் டிராவல்னு ஒண்ணு கிளம்பியிருக்கு, ஒரே நாள்ல மூணு ஊரு, எல்லாத்துலயும் செல்ஃபி, ஸ்கெட்ச்புக் பைய விட்டு வெளியவே வராது. மரப்பொம்மை செய்யிற சென்னபட்டணாவுக்கு மட்டும் போங்க, மைசூர் ரோட்ல 60 கிலோமீட்டர்தான். கடைசல் மெஷின்ல கட்டை சுத்தும்போது அரக்குக் குச்சிய வெச்சு அழுத்துவாங்க, உராயிற சூட்டுல அரக்கு உருகி கலர் தானா ஏறும், அப்புறம் தாழை ஓலைய வெச்சு தேச்சா பளபளன்னு வந்துடும். இத அரை நாள் நின்னு பாத்தாலே போதும், ஆனா நிறைய டூர்ல கடையில இறக்கி விட்டு பொம்மை வாங்க வெச்சு கூட்டிட்டு வந்துடுறாங்க, அதனால பட்டறைக்கு கூட்டிட்டுப் போவீங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க. லேபாட்சி கோயிலுக்குப் போனாலும் அப்படி நிதானமா பாக்கணும், 120 கிலோமீட்டர் வரும், விஜயநகர காலத்து ஓவியம் பூரா கூரையில இருக்கு, முழுசும் பாக்கணும்னு நினைச்சா கழுத்துதான் போகும், ஒரே ஒரு உருவத்த எடுத்துக்கிட்டு பென்சிலோட உக்காருங்க. ரயில்ல போறவங்க டர்பன்டைன் எடுத்துட்டுப் போகாதீங்க, தீப்பிடிக்கிற சாமான் ஏத்தக் கூடாது.

இன்னொண்ணு, கத்துக்கணும்னு ஓடுறோமே தவிர படம் பாக்கவே போறதில்ல. குமாரகிருபா ரோட்ல, 1960ல ஆரம்பிச்ச சித்ரகலா பரிஷத் இருக்கு, பேலஸ் ரோட்ல மாணிக்கவேலு மாளிகையில நேஷனல் கேலரி ஆஃப் மாடர்ன் ஆர்ட் இருக்கு. கிளாஸுக்கு முந்தின வாரம் ஒரு தடவை போய் ஒரே படத்து முன்னாடி பத்து நிமிஷம் நில்லுங்க, கிளாஸ்ல கேக்க கேள்வி தானா வரும். நேஷனல் கேலரிக்கு திங்கட்கிழமை மட்டும் போயிடாதீங்க, அன்னைக்கு லீவு, நான் ரெண்டு தடவை வாசல் கேட் வரைக்கும் போய் வாட்ச்மேனோட பேசிட்டு வந்திருக்கேன்.