வெங்கச்சங்கல் கிடக்கிற ஊரில் படிகம் தேடுவது எப்படி

வேலூர், ஆம்பூர், திருப்பத்தூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வெங்கச்சங்கல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொல்லையில் ஏர் ஓட்டினால் மேலே வரும், ஏரிக்கரையில் கிடக்கும், சின்ன வயதில் இருட்டில் இரண்டை உரசி ஒளி வருகிறதா என்று பார்த்திருப்போம். அதுதான் குவார்ட்ஸ். ஆனால் நாம் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் பால்வெள்ளைக் கட்டி. ஆறு பக்கமும் பளபளத்து, முனை கூர்ந்து நிற்கும் படிகம் அபூர்வம், ஏனென்றால் படிகம் வளரக் காலி இடம் வேண்டும். பாறை விரிசலுக்குள் சிலிக்கா கரைந்த வெந்நீர் ஏறி, ஆற ஆறக் குவார்ட்ஸாகப் படிகிறது. விரிசல் முழுதும் அடைத்துக்கொண்டால் வெறும் கட்டி. எங்காவது ஒரு பொந்து மிச்சம் நின்றால் அதன் சுவரில் மட்டும் முனைகள் எழும். அதனால் வெள்ளைக்கல் கண்ட இடமெல்லாம் குனியாதீர்கள், முதுகு போய்விடும். பொந்து இருக்கிற வெள்ளைக்கல்லைத் தேடுங்கள்.

நம்ம பக்கத்து அடிப்பாறை நைஸ், சார்னகைட், கிரானைட் வகை. ஆழத்தில் கிடந்து அழுத்தம் வாங்கிய பழைய பாறை, பொந்து குறைவு. மகாராஷ்டிராவில் நாசிக், ஜல்காவ் பக்கம் எரிமலைக் குழம்பில் சிக்கிய காற்றுக்குமிழிகளுக்குள் அபோபிலைட், ஸ்டில்பைட் என்ற கனிமப் படிகங்கள் கொத்துக்கொத்தாக வளர்ந்திருப்பதைப் படத்தில் பார்த்துவிட்டு இங்கே அதைத் தேடினால் ஏமாற்றம்தான். நமக்கு வாய்த்தது பெக்மடைட். கிரானைட் குழம்பு உறைந்து முடிகிற கட்டத்தில் மிஞ்சும் நீர்ச்சத்து நிறைந்த பகுதி அது, அதனால் கனிமங்கள் பெரிதாக வளரும். சாம்பல் நிறப் பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பட்டை ஓடுகிறதா, அதில் கைப்பிடி அளவு பெல்ட்ஸ்பார், காக்காப்பொன் ஏடு, அதிர்ஷ்டம் இருந்தால் கறுப்பு டூர்மலைன் குச்சிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் பட்டையின் நடுப்பகுதிக்குப் போங்கள். குவார்ட்ஸ் அநேகமாக நடுவில்தான் சேர்ந்திருக்கும், பொந்து இருந்தால் அதை ஒட்டியே இருக்கும்.

மலை ஏறித்தான் இதைப் பார்க்க வேண்டும் என்றில்லை. என்னைக் கேட்டால் கிணறு வெட்டிக் கொட்டிய கல்மேடுதான் முதல் இடம். பல அடி ஆழத்துப் பாறையை யாரோ வெடி வைத்து உடைத்து மேலே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், மழை அதைக் கழுவியும் கொடுத்திருக்கிறது, நமக்கு இதைவிட என்ன வேண்டும்? நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். சுத்தியலோடு ஒரு ஆள் நடமாடினால் புதையல் தேட வந்தவன் என்றோ சர்வே ஆபீசர் என்றோதான் ஊரில் நினைப்பார்கள். "ஐயா, கிணத்து மேட்டுல கல்லு பாத்துக்கட்டுமா? படிக்கிறதுக்குத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பல நேரம் அவரே கூட வந்து காட்டுவார். கிணற்றுக்குள் மட்டும் இறங்காதீர்கள். பழைய மேட்டில் கல்லைப் புரட்டும்போது கையை விடாமல் குச்சியால் புரட்டுங்கள், தேளும் சுருட்டை விரியனும் அங்கேதான் குடியிருக்கும்.

குவாரிக்குக் குத்தகைக்காரர் அனுமதி இல்லாமல் போகக் கூடாது, வெடிக்காத தோட்டா கிடக்கலாம். ஜவ்வாது மலையில் காப்புக்காடு நிறைய, அங்கே 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம் பொருந்தும், அனுமதியின்றிக் கல் எடுப்பதும் குற்றம். 2025 பிப்ரவரியில் மத்திய அரசு குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார், மைக்கா, பேரைட்ஸ் நான்கையும் சிறுகனிமப் பட்டியலிலிருந்து எடுத்துப் பெருங்கனிமமாக்கிவிட்டது. ஆகவே பட்டா நிலம்தானே என்று தோண்டி விற்கக் கிளம்பாதீர்கள். மேட்டில் கிடப்பதில் இரண்டு துண்டு எடுத்துப் பார்ப்பது வேறு, அது வேறு. இன்னொன்று, திருப்பத்தூருக்குப் பக்கத்துப் பையம்பள்ளி போலப் புதிய கற்கால மனிதர்கள் வாழ்ந்த இடங்கள் நம்மிடம் உண்டு. செதுக்கிய குவார்ட்ஸ் சில்லும் பானை ஓடும் மணியும் சேர்ந்து கிடந்தால் எதையும் தொடாமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

ஏலகிரிக்குப் போய்ப் படிகம் தேடலாம் என்று ஒரு எண்ணம் வரும், எல்லோருக்கும் வரும். அந்த மலை சையனைட் (syenite), அதாவது குவார்ட்ஸ் மிகக் குறைந்த பாறை. திருப்பத்தூர் பக்கத்துச் சேவாத்தூரில் இருப்பது கார்பனடைட், அதாவது கால்சைட் மாதிரிக் கார்பனேட் கனிமங்கள் நிறைந்த பாறை, அதிலும் சிலிக்கா தேடக் கூடாது. ஆனால் அது சாதாரண இடமில்லை. அபடைட், மேக்னடைட், வெர்மிகுலைட் என்ற கனிமங்கள் எல்லாம் சேர்ந்த பாறை, தமிழக அரசின் டாமின் நிறுவனம் வெர்மிகுலைட் வெட்டிய ஊர். வெர்மிகுலைட்டின் பொன்னிற ஏடு ஒன்றை நெருப்பில் காட்டினால் புழு மாதிரி நெளிந்து நீளும். அனுமதியோடு கிடைத்தால் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகிற நேரம் தை, மாசி நல்லது. மழை மண்ணைக் கழுவிவிட்டிருக்கும், வெயிலும் தாங்கும். காலையில் சூரியன் தாழ இருக்கும்போது அதை எதிர்நோக்கி நடந்தால் படிக முகங்கள் தானாக மின்னும். உச்சி வெயிலில் எல்லாக் கல்லும் ஒரே வெள்ளை.

கையில் எடுத்தது குவார்ட்ஸ்தானா? கண்ணாடி பாட்டிலில் கீறிப் பாருங்கள், மோஸ் கடின அளவில் (1 முதல் 10 வரை) 7 என்பதால் தாராளமாகக் கீறும். கால்சைட் கீறாது, கத்திக்கே வழிவிடும், உடைந்தால் சாய்சதுரமாக உடையும். பெல்ட்ஸ்பாரும் கீறும், ஆனால் தட்டையான பளபளப்புத் தளங்களாகப் பிளக்கும். குவார்ட்ஸ் சிப்பி வளைவாகச் சிதறும். அபடைட்டுக்கும் ஆறு பக்கம் உண்டு, ஆனால் அழுத்தினால் நல்ல கத்தி கீறிவிடும். எனக்குப் பிடித்த சோதனை பக்கவாட்டு முகங்களில் உள்ள கோடுகள். குவார்ட்ஸில் குறுக்காக ஓடும், டூர்மலைனில் நெடுக்காக ஓடும். ஒரு லென்ஸ் போதும்.

பொந்து கண்ணில் பட்டால் சம்மட்டியைக் கீழே வையுங்கள். பொந்துக்குள் செம்மண்ணோ களிமண்ணோ அடைத்திருக்கும், அதைத் தூக்கி எறியாமல் பையில் கட்டிக்கொள்ளுங்கள், உதிர்ந்த படிகங்கள் அதில்தான் இருக்கும், வீட்டில் சல்லடையில் போட்டு அலசலாம். படிகத்துக்குப் பக்கத்தில் அடித்தால் அதிர்விலேயே முனை போய்விடும். தள்ளிப்போய், ஏற்கனவே இருக்கிற விரிசலில் உளியை வைத்துத் தாய்ப்பாறையோடு சேர்த்துப் பெயர்க்கப் பாருங்கள். தனிப் படிகத்தைவிடப் பாறையோடு நிற்கும் படிகத்துக்குத்தான் மதிப்பு, முனை உடைந்துவிட்டால் இரண்டுக்கும் இல்லை. வராவிட்டால் விட்டுவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கல் உடைக்கிற தூசி நுரையீரலைக் கெடுக்கும், தண்ணீர் தெளித்துக்கொண்டே உடையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பழைய பல் பிரஷ், சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான் முதல் நாள். வெந்நீரில் போடாதீர்கள். படிகத்துக்குள் நுண்ணிய நீர்க்குமிழிகள் இருக்கும், சூடு மாறினால் விரிசல் விழும். செம்மண் துருக்கறை மட்டும் பிரஷ்ஷுக்குப் போகாது, அதற்கு ஆக்ஸாலிக் அமிலம். தோலில் படிந்த இரும்புக்கறையை எடுக்கத் தோல் தொழிலில் பயன்படுகிற பொருள்தான், அதனால் ராணிப்பேட்டை, வாணியம்பாடி கெமிக்கல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, மூடி, நாள்கணக்கில் ஊற வைக்க வேண்டும். நம்ம போர் தண்ணீரில் கரைக்காதீர்கள், உப்பும் சுண்ணாம்பும் அதிகம், அமிலத்தோடு சேர்ந்து வெள்ளைப் படலமாகக் கல்லிலேயே ஒட்டும். கேன் தண்ணீரோ காய்ச்சி வடித்த நீரோ வேண்டும். பிறகு சமையல் சோடாக் கரைசலில் ஊறவிட்டுப் பலமுறை அலசுங்கள். ஆக்ஸாலிக் அமிலம் விஷம்: கையுறை, திறந்த இடம், சமையலறைப் பக்கமே வேண்டாம், குழந்தைகள் எட்டாத மூலை. கல்லோடு கால்சைட்டோ அபடைட்டோ ஒட்டியிருந்தால் அமிலமே வேண்டாம், அதை அரித்துவிடும்.

அப்புறம் சீட்டு. இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். கல்லின் அடியில் வெள்ளை நகப்பூச்சு ஒரு பொட்டு, அதன் மேல் எண், அதே எண்ணில் ஒரு நோட்டில் கனிமம், கிராமம், எந்தக் கிணறு, தேதி, யார் கொடுத்தது. மாவட்டப் பெயரை மட்டும் எழுதி வைக்காதீர்கள். வட ஆற்காடு 1989இல் பிரிந்தது, 2019இல் வேலூர் மறுபடி மூன்றானது, பழைய சேகரிப்பில் 'வட ஆற்காடு' என்று மட்டும் எழுதிய கல்லை இன்று எந்த ஊரில் போய்த் தேடுவது? போனில் இருப்பிட எண்ணையும் குறித்துவிடுங்கள், வேலை முடிந்தது.

வாங்கிச் சேர்ப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். உள்ளே உருண்டையான காற்றுக்குமிழி தெரிந்தால் அநேகமாகக் கண்ணாடி. கன்னங்கரேல் என்றிருக்கும் புகைநிறக் குவார்ட்ஸில் பல, கதிர்வீச்சு கொடுத்துக் கறுப்பாக்கியவை. செவ்வந்திக்கல்லையும் (ஊதா நிறக் குவார்ட்ஸ், அமெதிஸ்ட்) புகைநிறக் குவார்ட்ஸையும் ஜன்னல் ஓரம் அடுக்காதீர்கள். கத்திரி வெயில் மட்டுமில்லை, சாதாரண வெயிலிலும் நாளடைவில் நிறம் வெளுக்கும். நிழலான அலமாரி, ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியில், ஒன்றோடொன்று உரசாமல்.