அஞ்சு லட்சம் கனஅடியும் ஆறு குரூப்பும்: பார்வேர்ட் பண்ணுததுக்கு முன்னாடி என்ன பாக்கணும்

ஐப்பசில ரெண்டு மழை சேந்தாப்ல விழுந்தா போதும், நம்ம திருநேலி குரூப் எல்லாத்துலயும் ஒரு மெசேஜ் வந்துரும். "அவசரம்!! பாபநாசம் டேம்ல இருந்து 5 லட்சம் கனஅடி தண்ணீர் திறப்பு, இன்று இரவு ஜங்ஷன் மூழ்கும், அனைவருக்கும் பகிரவும்". குரூப்ல இருக்கது பூரா படிச்ச ஆளுதான், வக்கீலு, வாத்தியாரு, பேங்க்ல ரிட்டயர் ஆன மாமா, ஆனா யாரு சொன்னா எப்ப சொன்னான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ, கைகூப்புற எமோஜி ஒண்ணப் போட்டு அடுத்த குரூப்புக்குத் தள்ளி விட்டுருவாவ. ஷேர் பண்ண பட்டன் வச்சவன் யோசிக்கதுக்கு ஒண்ணும் வைக்கல பாத்தியளா, அந்த வேலைய நம்மதான் செய்யணும், எப்படின்னு எனக்குத் தெரிஞ்சதச் சொல்லுதேன்.

மொத விசயம், எல்லாத்தையும் நோண்ட வேண்டாம். காலை வணக்கம், அல்வா கிண்டுத வீடியோ, யாரு வீட்டு வளைகாப்போ, அதெல்லாம் பாத்துட்டுப் போயிட்டே இருக்கலாம். படிச்ச உடனே குபீர்னு கோவம் வருதா, பயமா இருக்கா, இல்ல நம்ம சாதி நம்ம ஊருன்னு நெஞ்சு நிமிருதா, அங்கனதான் ஷேர் பட்டன்ல இருந்து கைய எடுக்கணும். 2018ல சயன்ஸ் இதழ்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, 2006ல இருந்து 2017 வரைக்கும் ட்விட்டர்ல சுத்துன சுமார் 1,26,000 செய்திகள எடுத்துப் பாத்துருக்காவ, உண்மைய விட பொய்ய ரீட்வீட் பண்ணுத வாய்ப்பு 70 சதவீதம் கூட இருந்துருக்கு. பொய்க்கு வந்த பதில்கள்ல ஆச்சரியம், பயம், அருவருப்பு ஜாஸ்தி. இதுல கூத்து என்னன்னா தானா ஓடுத பாட் கணக்குகள் உண்மையையும் பொய்யையும் ஒரே மாதிரிதான் பரப்புச்சாம், பொய்யக் கூட்டிட்டுப் போனது மனுசங்கதான்.

சரி, இப்ப அந்த அஞ்சு லட்சத்துக்கு வருவோம். இதுக்கு எந்த வெப்சைட்டும் தேவையில்ல, போன்ல இருக்க கால்குலேட்டர் போதும். பாபநாசம் அணை 143 அடி, முழுசா ரொம்புனா கொள்ளளவு 5,500 மில்லியன் கனஅடி, அதாவது 550 கோடி. செய்தியில "இத்தன கனஅடி திறப்பு"ன்னு வருதது ஒரு செகண்டுக்கு. 550 கோடிய 5 லட்சத்தால வகுத்தா 11,000 செகண்டு, மூணு மணி நேரம் சொச்சம். மூணு மணி நேரத்துல டேமே காலியாகி தரை தெரிஞ்சுரும்! ஆனா அதே மெசேஜ் மறுநாள் காலைலயும் சுத்தும், அப்பவும் 5 லட்சம்தான், தண்ணி எங்கேந்து வருதுன்னு கேட்டா பதில் இருக்காது. இன்னொண்ணும் கவனிக்கணும், டேம்ல தொறந்தது வேற, தாமிரபரணி ஆத்துல ஓடுதது வேற. மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறுன்னு வழியில எல்லாம் வந்து சேருதுல்லா, அதனால டேம்ல கம்மியாத் தொறந்தாலும் திருநேலி வண்ணார்பேட்டைல தண்ணி ஏறலாம். மெசேஜ்ல எந்த எடத்து அளவுன்னு இல்லைன்னா அந்த நம்பருக்கு மதிப்பே கெடையாது.

ஆனா எல்லாத்தையும் "சும்மா புருடா"ன்னு தள்ளுதவங்களும் யோசிக்கலைங்கதுதான் என் கருத்து, அது சோம்பேறித்தனத்துல இன்னொரு வகை. 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழைய நெனச்சுப் பாருங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்! கேட்ட உடனே 9.5ன்னு இருந்துருக்கும் புள்ளி விட்டுப்போச்சுன்னுதான் தோணும். ஆனா பக்கத்து ஊரு அளவப் பாருங்க, திருச்செந்தூர் 69, ஸ்ரீவைகுண்டம் 62, மாஞ்சோலை 55. ஒரு ஊருல மட்டும் பெரிய நம்பர், சுத்தி எல்லாம் சின்னதுன்னா சந்தேகப்படலாம், சுத்துப்பட்டு பூரா கொட்டிருக்குன்னா அது நடந்துருக்கு. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேசன்ல நூத்துக்கணக்கான பயணிகளோட ரயிலு மாட்டிக்கிட்டதும் அப்பதான், அதுவும் கதை மாதிரிதான் இருந்துச்சு, ஆனா நெசம்.

அடுத்து தேதி. "இன்று இரவு", "நாளை காலை"ன்னு இருக்கும், எந்த நாளைன்னு இருக்காது, அதனாலதான் மூணு வருசத்துக்கு முந்துன மெசேஜ் திரும்பத் திரும்ப உசுரோட வருது. போட்டோவும் அப்படித்தான், ஆத்துக்குள்ளயே இருக்க குறுக்குத்துறை முருகன் கோயில தண்ணி மூடுதது நமக்குப் புதுசா, பெரிய வெள்ளம் வந்தா மூடத்தான் செய்யும், அதனால பழைய போட்டோவ இன்னைக்கு எடுத்ததுன்னு போட்டா யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கூகுள் லென்ஸ்ல அந்தப் போட்டோவக் குடுங்க, ஏற்கனவே எந்த வருசம் வந்துச்சுன்னு முக்கால்வாசி காட்டிரும். வீடியோன்னா நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடுக்கணும், கடை போர்டு என்ன மொழி, வண்டி நம்பர் டி.என். 72ஆ 69ஆ இல்ல வேற மாநிலமா, பஸ்ஸு நம்ம கலரான்னு கண்ண வச்சுப் பாக்கணும்.

வீடியோல ஒரு பெரிய சிக்கல் இருக்கு, படம் நெசமா இருக்கும், மேல எழுதுனது பொய்யா இருக்கும். 2023 மார்ச்ல பீகார் தொழிலாளர்கள தமிழ்நாட்டுல அடிக்காவன்னு வீடியோ பரவுச்சுல்லா, அதுல ஒண்ணு பீகார்க்காரங்களுக்குள்ளயே நடந்த சண்ட, இன்னொண்ணு கோயம்புத்தூர்ல உள்ளூர்க்காரங்க ரெண்டு பேரு போட்ட சண்டன்னு போலீஸ் சொல்லிச்சு. அடி நெசம், ரத்தம் நெசம், தலைப்பு மட்டும் பொய். நம்ம பக்கம் சாதிச் சண்ட வீடியோன்னு வருதது எல்லாத்துக்கும் இதே கேள்விதான், எங்க, எப்ப, யாரு யார அடிக்கான்னு வீடியோவே காட்டுதா இல்ல மேல எழுதுனவன் சொல்லுதானா. பதில் தெரியாட்டி ஒரு வேல செய்யுங்க, அந்தத் தலைப்பக் கையால மறச்சுட்டு இன்னொரு தடவ பாருங்க.

வாட்ஸப்ல ரெட்ட அம்புக்குறி இருந்தா அது அஞ்சு கை, அதுக்கு மேலயும் மாறி வந்துருக்குன்னு அர்த்தம், 2020 ஏப்ரல்ல இருந்து அத ஒரு தடவைக்கு ஒரு ஆளுக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்ப முடியும். ஆனா யாராவது காப்பி பண்ணி புதுசாப் போட்டா அம்பு போயிரும், அதனால அம்பு இல்லன்னா சுத்தம்னு நெனச்சுராதிய. அதே மாதிரி ஆறு குரூப்புல வந்துருச்சேன்னா ஆறு சாட்சி ஆயிராது, ஒரே ஆளு ஆறு எடத்துல போட்டுருப்பான். திரும்பத் திரும்பக் கேட்டா பொய்யும் நெசம் மாதிரி தோணும்னு 1977லயே அமெரிக்காவுல சோதிச்சுப் பாத்துட்டாவ.

லிங்க் வந்துச்சுன்னா அந்தப் பக்கத்தையே மொறச்சுப் பாத்துட்டு இருக்காதிய. ஸ்டான்போர்டுல வரலாற்றுப் பேராசிரியர், மாணவர், செய்தி சரிபாக்குதவங்க மூணு தரப்பையும் வச்சுப் பாத்தாவ, பேராசிரியர்களே பக்கத்தோட அழகுல ஏமாந்தாவ, சரிபாக்குதவங்க மட்டும் சட்டுனு வெளிய வந்து வேற டேப்ல "இத நடத்துதது யாரு"ன்னு தேடுனாவ. நீங்களும் அதச் செய்யலாம், ஒரு நிமிசம்தான் ஆவும். தமிழ்நாடு அரசோட தகவல் சரிபார்ப்பகம், மத்திய அரசோட பி.ஐ.பி. (பத்திரிகைத் தகவல் அலுவலகம்) சரிபார்ப்புப் பக்கம் ரெண்டையும் பாக்கலாம், ஆனா ரெண்டுமே அரசாங்கம், அரசாங்கத்து மேல உள்ள குத்தச்சாட்டுக்கு அதையே நாட்டாமையா வைக்க முடியாதுல்லா, அப்ப ரெண்டு மூணு பேப்பர் என்ன எழுதிருக்குன்னு சேத்துப் பாக்கணும். ஏஐ கிட்ட கேட்டுட்டு "செக் பண்ணிட்டேன்"னு சொல்லுத கோட்டித்தனம் வேற இப்ப ஆரம்பிச்சுருக்கு, அது தெரியாததையும் தெரிஞ்ச மாதிரியே பேசும், அது குடுக்க லிங்க்க தொறந்து படிச்சாத்தான் கணக்கு.

இனி கஷ்டமான கட்டம், பெரியப்பாட்ட சொல்லுதது. குரூப்ல எல்லாரும் பாக்க "இது ஃபேக்"னு போட்டிய, அவ்வளவுதான், அவரு மருமவன் கல்யாணம் வரைக்கும் பேச மாட்டாரு, அந்த மெசேஜ நெசம்னு நிரூபிக்க இன்னும் நாலு அனுப்புவாரு. தனியா அனுப்புங்க. "பெரியப்பா, நீங்க போட்ட டேம் மெசேஜ் 2 வருசம் முன்னாடி உள்ளதாம், இன்னைக்கு அளவு இந்தா இருக்கு, நீங்களே குரூப்ல போட்டுருங்களேன், நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாவ". திருத்துத பெருமைய அவருக்கே குடுத்தா முக்கால்வாசி பேரு செஞ்சுருவாவ. மிச்சக் கால்வாசிய விட்டுருங்க, அவங்ககூட மல்லுக்கட்ட முடியாது.

நீங்க அட்மினா இருந்தா வெள்ள நேரத்துல மட்டும் அட்மின்தான் போடலாம்னு செட்டிங்க மாத்தி வைங்க, ரெண்டு நாளு வசவு விழும், பரவால்ல. அப்படியும் எதையாவது ஷேர் பண்ணியே ஆவணும்னு கை அரிச்சுதுன்னா 1077ன்னு போடுங்க, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை நம்பரு அது, மாநிலத்துக்கு 1070.