காலின் கவுண்டிக்குக் குடிபெயருமுன் பார்க்க வேண்டியவை

டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு வடக்கே உள்ள காலின் கவுண்டியில் குடியேற நினைக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "பிளேனோ நல்லதா, ஃபிரிஸ்கோ நல்லதா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு உருப்படியான விடை கிடையாது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 4,91,675 பேர் வாழ்ந்த இடம் 2020-இல் 10,64,465 பேராகப் பெருகியிருக்கிறது; அத்தகைய இடத்தில் சராசரி விலை, சராசரி வாழ்க்கைத் தரம் என்று எதைச் சொன்னாலும் அது எந்த வீட்டுக்கும் பொருந்தாத எண்ணாகவே இருக்கும். உங்கள் மாதச் செலவையும் பிள்ளைகளின் பள்ளியையும் அலுவலகப் பயணத்தையும் தீர்மானிப்பவை நகர எல்லை, பள்ளி மாவட்ட (அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு) எல்லை, வரி எல்லை என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் கோடுகள். ஆகவே ஊர்ப் பெயரை ஒதுக்கிவிட்டு முகவரியிலிருந்து தொடங்குவதே நல்லது.

பிளேனோவின் பழைய குடியிருப்பு ஒன்று, கிழக்கு ஃபிரிஸ்கோவில் ஒன்று, மெக்கின்னியில் ஒன்று, புதிதாக எழும்பும் பிரின்ஸ்டன் அல்லது சலைனாவில் ஒன்று என நான்கு முகவரிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றைக் கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். கட்டணம் இல்லை. கட்டிய ஆண்டு, சில ஆண்டுகளின் மதிப்பு, எந்தெந்த அமைப்புகள் அந்த வீட்டுக்கு வரி விதிக்கின்றன என்பதெல்லாம் அங்கே இருக்கும். இல்லாத ஒன்று, வீடு உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பது. டெக்சஸில் விற்பனை விலையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், வீட்டு விளம்பரத் தளங்கள் காட்டும் மதிப்பீடுகளும் இங்கே பாதி ஊகமே. நடந்து முடிந்த விற்பனைகளின் விலைப்பட்டியல் ஏஜென்டுகள் பயன்படுத்தும் தரவுத்தளத்தில்தான் உள்ளது. கடந்த ஆறு மாதத்தில் அதே குடியிருப்பில் விற்ற வீடுகளின் பட்டியலை, முதலில் கேட்ட விலை, கடைசியில் விற்ற விலை, சந்தையில் இருந்த மொத்த நாட்கள் ஆகியவற்றுடன் கேட்டு வாங்குங்கள். 'மொத்த நாட்கள்' என்பதை அழுத்திக் கேளுங்கள். விளம்பரத்தை எடுத்துவிட்டு மறுபடி போட்டால், வெளியில் தெரியும் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கிவிடக்கூடும்.

கவுண்டி அளவில் சந்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அறிய, டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ரியல் எஸ்டேட் ஆய்வு மையம் வெளியிடும் புள்ளிவிவரங்கள் போதும். அவற்றில் 'எத்தனை மாத இருப்பு' என்ற எண்ணைப் பாருங்கள். புதிதாக எந்த வீடும் விற்பனைக்கு வராமல் இருந்தால், இப்போதுள்ளவை விற்றுத் தீர எத்தனை மாதம் ஆகும் என்பதே அதன் பொருள். ஆறு மாத அளவைச் சமநிலை என்பது வழக்கம். 2022 வசந்தத்தில் ஒரே வீட்டுக்குப் பலர் போட்டியிட்டுக் கேட்ட விலைக்கு மேலே கொடுத்து வாங்கினார்கள். பின்னர் 3 சதவீத அளவில் இருந்த வீட்டுக்கடன் வட்டி 7 சதவீதத்தையும் தாண்டியபோது அந்த அவசரம் அடங்கியது. புதிய வீடு கட்டும் நிறுவனங்கள் விலையைக் குறைப்பதற்குப் பதிலாக வட்டியைக் குறைத்துத் தருவதும், பதிவுச் செலவை ஏற்பதுமாக விற்கின்றன. எனவே பலகையில் எழுதியுள்ள விலையைப் பக்கத்துப் பழைய வீட்டின் விலையோடு நேரடியாக ஒப்பிட முடியாது. அதே குடியிருப்பில் அந்த நிறுவனம் இன்னும் எத்தனை மனைகளில் கட்டப்போகிறது என்று கேட்டு வையுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் வேலை மாறி நீங்கள் விற்க நேர்ந்தால், உங்கள் பழைய வீடு போட்டியிட வேண்டியது அந்த நிறுவனத்தின் புத்தம் புதிய வீட்டோடுதான்.

இனி வரி. மாநில வருமான வரி இல்லை என்ற மகிழ்ச்சியில் சொத்து வரியைக் கடைசியில் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது அதுதான். கவுண்டி, நகரம், பள்ளி மாவட்டம், காலின் கல்லூரி ஆகிய நான்கும் தனித்தனியே விகிதம் நிர்ணயிக்கின்றன. கூட்டுத்தொகையில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகிறது. வீட்டு விளம்பரத்தில் காணப்படும் 'சென்ற ஆண்டு வரி' என்பது விற்பவருடைய வரி, உங்களுடையது அன்று. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு 'ஹோம்ஸ்டெட்' விலக்கு பெற்றவர்களின் வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. உரிமையாளர் 65 வயது நிறைந்தவராயின் பள்ளி வரியே ஓர் உச்சவரம்பில் நின்றுவிடுகிறது. வீடு கைமாறியதும் இந்தப் பாதுகாப்புகள் விற்பவரோடு போய்விடுகின்றன. சந்தை மதிப்பு 6 லட்சம் டாலர், விற்பவரின் வரிக்குரிய மதிப்பு 4.5 லட்சம், பள்ளி விகிதம் நூற்றுக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2023-இல் 1 லட்சமாகவும் 2025-இல் 1,40,000 டாலராகவும் உயர்ந்த, ஹோம்ஸ்டெட் பெற்றவர்களுக்கான பள்ளி வரி விலக்கை இருவருக்குமே கழித்தால், அவர் கட்டியது 3,100 டாலர். நீங்கள் கட்டப்போவது 4,600. மற்ற மூன்று வரிகளிலும் இதே போன்ற ஏற்றம் இருக்கும்.

புதிய வீட்டில் இந்தப் பொறி வேறு வடிவில் இருக்கிறது. மதிப்பு ஜனவரி 1 அன்றுள்ள நிலையை வைத்தே கணிக்கப்படுவதால், அந்த நாளில் வெறும் மனையாகக் கிடந்த இடத்துக்கு முதல் ஆண்டு மனை வரி மட்டுமே வரும். அடுத்த ஆண்டு முழு வீட்டின் வரி வந்து, வரியையும் தவணையோடு சேர்த்து வசூலிக்கும் வங்கி மாதத் தவணையை ஒரேயடியாக உயர்த்தும். இதைக் கணக்கில் கொள்ளாமல் திணறியவர்களில் நானும் ஒருவன். நகரங்களின் விளிம்பில் உள்ள புதிய குடியிருப்புகள் பலவற்றில் சாலை, குடிநீர், கழிவுநீர்ச் செலவுக்காக விதிக்கப்படும் தனிக் கட்டணமோ வரியோ இருக்கலாம். அவற்றை விதிக்கும் தனி அமைப்புகளின் சுருக்கப் பெயர்களான 'பி.ஐ.டி.', 'எம்.யு.டி.' என்ற எழுத்துகள் கண்ணில் பட்டால் ஆண்டுத் தொகை எவ்வளவு, எந்த ஆண்டு வரை என்பதை எழுத்தில் கேளுங்கள். குடியிருப்புச் சங்கக் கட்டணம் இவை எல்லாவற்றுக்கும் மேல்.

பள்ளியைப் பொறுத்தவரை, நகரின் பெயரும் பள்ளி மாவட்டத்தின் பெயரும் ஒன்றாக இருப்பதால் ஏமாறாதீர்கள். ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டம் பிளேனோ, மெக்கின்னி நகரங்களின் சில பகுதிகளுக்குள்ளும் நீள்கிறது. ஃபிரிஸ்கோ நகரிலேயே சில தெருக்கள் பிராஸ்பர் பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவை. மாநிலக் கல்வித் துறை பள்ளிகளுக்கு 'ஏ' முதல் 'எஃப்' வரை தரும் தரவரிசையைப் பார்க்கலாம், ஆனால் அதைவிட முக்கியமானது எல்லை மாறுமா என்பது. மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் பிளேனோ பள்ளி மாவட்டம் நான்கு பள்ளிகளை மூட 2024-இல் முடிவெடுத்தது. வடக்கே புதிய ஊர்களில் நிலைமை தலைகீழ், பள்ளிகள் கட்டக் கட்ட நிரம்புகின்றன. இரண்டிலுமே இன்றைய பள்ளி நாளைய பள்ளியாக இருக்கும் என்ற உறுதி இல்லை. பிளேனோவில் 11, 12-ஆம் வகுப்புகள் தனி உயர்நிலைப் பள்ளியில் நடக்கின்றன என்பதையும், நண்பர்களை விட்டுப் பிரிய மனமில்லாத பிள்ளை இருந்தால், யோசித்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சியின் மறுபக்கத்துக்குப் பிரின்ஸ்டன் நல்ல எடுத்துக்காட்டு. 2024 ஜூலையுடன் முடிந்த ஓராண்டில் அமெரிக்காவிலேயே அதிவேகமாக வளர்ந்த நகரம் அது; ஏறத்தாழ 30 சதவீதம். அதே 2024 செப்டம்பரில், சாலையும் தண்ணீரும் ஈடுகொடுக்க முடியாமல், புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி வழங்குவதை நகராட்சியே தற்காலிகமாக நிறுத்தியது. அங்கே வீடு மலிவாக இருப்பதன் காரணத்தை அறிய விரும்புபவர்கள் 380-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு வேலைநாள் மாலை ஐந்தரை மணிக்கு மேற்கிலிருந்து கிழக்காக ஓட்டிப் பார்க்க வேண்டும். டாலஸ் நார்த் டோல்வே, சாம் ரேபர்ன், ஜார்ஜ் புஷ் ஆகிய மூன்றும் கட்டணச் சாலைகள். வடக்கு தெற்காகச் செல்லும் 75-ஆம் எண் சாலையில் கட்டணம் இல்லை. மாத டோல் செலவையும் வீட்டுச் செலவில் சேர்த்துப் பாருங்கள். வண்டி ஓட்டாத பெற்றோர் உடன் இருந்தால் இன்னொன்றும் உண்டு: டாலஸின் டார்ட் ரயில் பிளேனோ வரை வருகிறது, ஆலன், மெக்கின்னி, ஃபிரிஸ்கோ நகரங்களுக்கு வருவதில்லை.

மண்ணைப் பற்றி யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். இந்த வட்டாரத்து மண் பெரும்பாலும் நம் கரிசலைப் போன்றது. கோவில்பட்டிப் பக்கம் கோடையில் நிலம் பாளம் பாளமாய் வெடிப்பதையும் மழையில் பொங்கிப் பசையாவதையும் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த மண்ணின் மேல் ஒரே கான்கிரீட் பலகையாக அடித்தளம் போட்டு வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், இழுத்தால் உராயும் கதவு, செங்கல் வரிசையில் படிக்கட்டுப் போல் இறங்கும் பிளவு ஆகியவற்றைத் தேடுங்கள். ஐயம் இருந்தால் வழக்கமான ஆய்வாளரோடு நிறுத்தாமல் கட்டுமானப் பொறியாளரை அழையுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின் சிறு தொகைக்கு வாங்கும் 'ஆப்ஷன்' காலத்தில், காரணம் எதுவும் சொல்லாமலேயே விலகிக்கொள்ளலாம் என்பதால், இந்த ஆய்வுகளை அதற்குள் முடித்துவிட வேண்டும். வீட்டுக் காப்பீட்டு விலையையும் அந்த நாட்களிலேயே கேட்டுவிடுங்கள். 2016 ஏப்ரலில் வைலி நகரைத் தாக்கியது போன்ற ஆலங்கட்டி மழை இங்கே வசந்தந்தோறும் அச்சுறுத்துவதால், கூரையின் வயதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். சேதத்தில் உங்கள் பங்கும் பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையின் 1 அல்லது 2 சதவீதம் என்றிருக்கும். 4 லட்சம் டாலர் காப்பீட்டில் 2 சதவீதம் என்பது 8,000 டாலர்.

கோயில், தமிழ்ப் பள்ளி, மளிகை ஆகியவற்றுக்கு இந்தக் கவுண்டியில் பஞ்சமில்லை. ஃபிரிஸ்கோவின் காரிய சித்தி ஹனுமான் கோயிலில் சனிக்கிழமை வண்டி நிறுத்த இடம் கிடைப்பதுதான் சிரமம். ஆனால் ஊரைப் பார்க்க வருபவர்கள் நான் செய்தது போல் மார்ச் மாதத்தில் வந்து, சாலையோரப் பூக்களைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. ஆகஸ்டில், 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் பிற்பகலில், அந்தத் தெருவில் பத்து நிமிடம் நடந்து பாருங்கள். பழைய பிளேனோவின் மர நிழலுக்கு ஏன் விலை என்பது அப்போது விளங்கும்.

இத்தனைக்கும் பிறகு மனம் தெளியவில்லை என்றால், ஓராண்டு வாடகைக்கு இருங்கள். பள்ளிகள் ஆகஸ்ட் நடுவில் திறப்பதால், வாடகை ஒப்பந்தம் மே அல்லது ஜூன் மாதத்தில் முடியும்படி கேட்டு எழுதிக்கொண்டால், வகுப்பின் நடுவில் பிள்ளைகளைப் பெயர்த்து எடுக்காமல் சொந்த வீட்டுக்கு மாறிக்கொள்ளலாம்.