இளந்தளிர் மஞ்சளானால் முதலில் பிஎச் பாருங்கள்

மாடியில் மண்ணின்றிச் சத்துக் கரைசலில் பயிர் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில் கீரை வளர்ப்பவரும், கோவைப் பக்கத்துச் சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் நிலக்கடலை விதைப்பவரும் ஒரே குறையைக் காண்பதுண்டு. முதிர்ந்த இலைகள் பசுமையாகவே இருக்க, இளந்தளிர்கள் மட்டும் நரம்பு பச்சையாகவும் நரம்பிடை மஞ்சளாகவும் வெளுக்கும். இது இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளம். பெரும்பாலும் அங்கே இரும்பு இருக்கும். வேர் உறிஞ்சும்படி கரைந்துதான் இருக்காது. பிஎச் என்பது அமில, கார நிலையைக் காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். மண்ணின் பிஎச் ஓர் அலகு உயர்ந்தால், கரைந்துள்ள ஃபெரிக் இரும்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆகவே மேலும் உரமிடுவதற்கு முன் பிஎச் அளவைப் பார்ப்பதே முறை.

பிஎச் மீட்டரை பிஎச் 4, 7 என அளவு தெரிந்த இரு பஃபர் கரைசல்களிலும் சரிபார்த்த பின்னரே அதன் அளவை நம்ப வேண்டும். மண்ணாக இருந்தால், வயலின் பல இடங்களில் எடுத்து, நிழலில் உலர்த்திச் சலித்த 20 கிராம் மண்ணுடன் 50 மில்லி வாலை வடிநீர் சேர்த்து, அவ்வப்போது கலக்கி, அரை மணி நேரம் கழித்து அளக்கலாம்.

ஹைட்ரோபோனிக்ஸ் கரைசலின் பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் இரும்பும் மாங்கனீசும் கிடைப்பது குறையும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) கால்சியத்துடன் சேர்ந்து வீழ்படிவாகிவிடும். பலர் கவனிக்கத் தவறுவது தண்ணீரைத்தான். ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தால், இன்று குறைத்த பிஎச் ஓரிரு நாளில் மீண்டும் ஏறிவிடும். செடி நைட்ரேட் வடிவத் தழைச்சத்தை உறிஞ்சும்போதும் கரைசலின் பிஎச் உயரும் என்பதால், தினமும் ஒரே நேரத்தில் அளந்து குறித்து வைப்பது அவசியம். உரங்களைக் கரைத்து முடித்த பிறகு, நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்கி அளக்க வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் சேர்மம் கீலேட். இரும்புக்கு இடிடிஏ கீலேட் பயன்படுத்துவோர், பிஎச் 6.5ஐத் தாண்டினால் அதன் பிடி தளர்ந்துவிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். டிடிபிஏ கீலேட் ஏறத்தாழ 7.5 வரை தாங்கும்.

மண்ணின் பிஎச் இவ்வளவு எளிதில் அசையாது. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் கந்தகமிட்டு பிஎச்சைக் குறைக்க முயல்வது, என் கருத்தில், வீண் செலவு. கந்தகம் தரும் அமிலத்தன்மையை எல்லாம் அங்குள்ள சுண்ணாம்பே விழுங்கிவிடும். அதைவிட, லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்புடன் (இரும்பு சல்பேட்) 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, மாலை வேளையில் இலைவழியாகத் தெளித்து, 10 நாள் இடைவெளியில் மீண்டும் தெளிப்பது பலன் தரும். பிஎச் 8.5ஐத் தாண்டிய, சோடியம் மிகுந்த களர் நிலத்தின் நோய் வேறு. அங்கே சோடியத்தை விலக்க ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கி, வடிகால் வழியே வெளியேற்ற வேண்டும்.

அமில மண் கொண்ட நீலகிரியில் நிலைமை நேர்மாறானது. பிஎச் 5.5க்குக் கீழே இறங்கும்போது அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்குகிறது. மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. மாலிப்டினம் என்ற நுண்சத்து கிடைக்காமல் காலிஃபிளவர் இலைகள் சாட்டைபோல் குறுகுகின்றன. பிஎச்சை உயர்த்த, காய்கறி நிலத்துக்கு மண் பரிசோதனை சொல்லும் அளவில் சுண்ணாம்பு இட வேண்டும். ஆனால் அருகிலுள்ள தேயிலைக்கு அதே அளவை இட்டுவிடக் கூடாது, தேயிலை 4.5 முதல் 5.5 வரையிலான அமில மண்ணையே விரும்பும் பயிர்.